தன்பொறுப்பிற் புலம்பெயர்வோரின் பொறுப்பாளர் யார்?

புதுக்கடை நீதிமன்றங்களாற் பெயர் பெற்ற இடம். வழக்காளிகளும் கறுப்பங்கி அணிந்த சட்டத்தரணிகளும் நிறைந்த அதன் தெருக்களில், வழக்கு எதுவுமில்லாத இன்னொரு கூட்டமும் நாள்தோறும் வந்துபோகின்றது. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, கிராம சேவையாளரின் கடிதம் ஆகியவற்றைத் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலமாக்கி, சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரையைப் பெற்றுச் செல்வோரின் கூட்டம் அது. கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தூரமாதலால், விடுமுறைக் காலங்களில் அத்தகைய அலுவலகம் ஒன்றிலே தட்டச்சு வேலை செய்து வருகின்றேன். அங்கு வருவோரின் சொந்த விவரங்களை எழுதுதல் முறையன்று. எனினும் அவர்கள் எத்தகையோர் என்பதை எழுதலாம். பொறியியலாளர், வைத்தியர், கணக்காளர், கணினித் துறையினர், பல்கலைக்கழக விரிவுரையாளர். இவர்களை எந்த வெளிநாட்டு முதலாளியும் அழைக்கவில்லை; மாமனோ மைத்துனனோ பொறுப்பெடுக்கவுமில்லை. தமக்குத் தாமே பொறுப்பு நின்று விண்ணப்பிக்கின்றார்கள்.

‘தன்பொறுப்பு’ என்னும் இந்தச் சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

முதலில் இம்முறை இயங்கும் விதத்தைப் பார்ப்போம். கனடா 1967ஆம் ஆண்டில் புள்ளிமுறையைக் கொண்டுவந்தது. நிறத்தையும் பிறந்த நாட்டையும் வைத்துத் தெரிவு செய்த பழைய முறையைவிட அது நேர்மையானது என்பதை மறுப்பதற்கில்லை. 2015 ஜனவரியிலிருந்து அது ‘எக்ஸ்பிரஸ் என்ட்ரி’ என்ற பெயரில் நடைபெறுகின்றது. வயது, கல்வி, மொழியறிவு, தொழில் அனுபவம் என ஒவ்வொன்றுக்கும் புள்ளி இட்டு, புள்ளி கூடியவரை அரசு அழைக்கின்றது. இளமைக்குப் புள்ளி அதிகம். நாற்பதை அணுக அணுகக் குறையும். அவுஸ்திரேலியாவும் இவ்வாறே முதலாளியின் அழைப்பில்லாத தனித் தேர்ச்சியாளருக்கு வீசா வழங்குகின்றது. (ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் கனடா புள்ளி தருகின்றது. தைமாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக 2016இல் ஏற்றுக்கொண்ட அதன் நாடாளுமன்றம், தமிழறிவுக்குப் புள்ளி எதுவும் வைக்கவில்லை. தமிழ்த்துறை மாணவராகிய எமக்கு இது கவனிக்கத்தக்க செய்தி.)

ஐக்கிய அமெரிக்காவின் முறை இன்னும் வெளிப்படையானது. 1990ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ், அதிசிறந்த ஆற்றல் உடையவர் தாமே விண்ணப்பிக்கலாம். பரிசு, ஆய்வுக் கட்டுரை, பிறர் ஆய்வை மதிப்பிட்ட அனுபவம் எனப் பத்து அளவைகள் உள்ளன. அவற்றுள் மூன்றையாயினும் நிறைவு செய்ய வேண்டும். அதற்கு அடுத்த படியில் ‘தேசிய நலன்’ என்ற வழி உண்டு. உயர்பட்டம் பெற்ற ஒருவர், தமது பணி நாட்டின் நலனுக்கு முக்கியமானது என்று நிறுவினால், வேலை தரும் முதலாளி ஒருவர் வேண்டும் என்ற நிபந்தனை தளர்த்தப்படும். இதனை அளக்கும் இன்றைய அளவுகோலை 2016ஆம் ஆண்டுத் தனசார் வழக்கின் தீர்மானம் வகுத்தது. முயற்சி பெறுமதியும் தேசிய முக்கியத்துவமும் உடையதாயிருத்தல் வேண்டும். அதனை முன்னெடுக்கும் தகுதி விண்ணப்பதாரிக்கு இருத்தல் வேண்டும். நிபந்தனையைத் தளர்த்துவதால் நாட்டுக்கு நன்மை விளைதல் வேண்டும்.

எந்த நாட்டுக்கு? எந்தத் தேசத்தின் நலன்? இலங்கையின் இலவசக் கல்வியில் முதலாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை படித்த ஒருவர், தமது அறிவு அமெரிக்க மக்களுக்கு இன்றியமையாதது என்று பக்கம் பக்கமாக வாதாடுகின்றார். அந்த வாதத்துக்கு ஆதாரமாக இணைக்கப்படும் பெறுபேற்றுப் பத்திரங்களை யான் தட்டச்சுச் செய்திருக்கின்றேன். ஒவ்வொன்றின் தலைப்பிலும் இலங்கை அரசின் இலச்சினை இருக்கின்றது.

இங்கே ‘தன்பொறுப்பு’ என்பது என்ன? விண்ணப்பக் கட்டணத்தையும் மொழிப் பரீட்சைக் கட்டணத்தையும் விமானச் சீட்டையும் தாம் செலுத்தினோம் என்பதே. ஒரு வைத்தியரை உருவாக்கும் செலவில் இவை எத்தனையில் ஒரு பங்கு? பால்மாவும் பாடநூலும் சீருடையும் விரிவுரை மண்டபமும் போதனா வைத்தியசாலையும் சேர்ந்த உற்பத்திச் செலவு முழுவதையும் ஓர் ஏழை நாடு ஏற்க, முற்றுப்பெற்ற மனிதனை இருபத்தெட்டாவது வயதிலே இலவசமாகப் பெற்றுக்கொள்கின்றது பணக்கார நாடு. பெற்றுக்கொள்வதற்குக் கட்டணமும் அறவிடுகின்றது. தேயிலையையாவது விலை கொடுத்து வாங்கினார்கள்.

இவ்வாறு எழுதியதும், செல்வோரைத் துரோகிகள் என்று ஏசும் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட வேண்டாம். அந்தக் கூட்டத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென நாடு அறிவித்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற மக்கள், பத்தரமுல்லையிலே கடவுச்சீட்டுக்கும் வரிசையில் நின்றனர். அவ்வாண்டில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு சென்றனர். 2023இன் புதிய வருமான வரி உச்சப்படியில் நூற்றுக்கு 36 ஆகியது. சம்பளத்தின் பெறுமதியோ பாதியாகத் தேய்ந்திருந்தது. பசித்தவனிடம் தேசபக்தி பேசுவோர் பெரும்பாலும் தம் பிள்ளைகளை முன்னரே வெளிநாட்டில் இருத்திவிட்டவர்கள் என்பதையும் கவனிக்க.

அரசின் போக்கு இன்னும் வேடிக்கையானது. 1961ஆம் ஆண்டிலே கட்டாய அரச சேவைச் சட்டம் என ஒன்றை இயற்றிப் பட்டதாரிகளைக் கட்டிவைக்கப் பார்த்தது. 1974ஆம் ஆண்டில் மூளைசாலிகள் வெளியேற்றத்தை ஆராய அமைச்சரவைக் குழு ஒன்று அறிக்கை தந்தது. 2022இலோ, அரச ஊழியர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்லலாம், சேவை மூப்புக்குப் பங்கமில்லை என்று சுற்றறிக்கை வந்தது. பூட்டிப் பார்த்தார்கள், பின்னர் கதவைத் திறந்து வழியனுப்பினார்கள். இருக்கச் செய்வது எப்படி என்று மட்டும் எவரும் சிந்திக்கவில்லை.

டொலர் வரும் என்பது அவர்களது கணக்கு. அது பிழையான கணக்கு. நாட்டுக்குப் பெருமளவு பணம் அனுப்புவோர் மத்திய கிழக்கிலே வெயிலில் வேலை செய்யும் தொழிலாளரும் வீட்டுப் பணிப்பெண்களுமே. அவர்களுக்குக் குடியுரிமை இல்லை, பிள்ளைகள் ஊரில், ஆகவே அனுப்புகின்றனர். புள்ளி பெற்றுச் செல்பவர் மனைவி மக்களோடு செல்கின்றார். புதிய நாட்டில் குடியேறப் போதிய பணம் கையிலுண்டு என்றும் காட்ட வேண்டும். அதற்காக வெள்ளவத்தை வீட்டை விற்கின்றார். பணம் வருகின்றதா, போகின்றதா?

தமிழராகிய நாம் இதற்குச் சொல்லும் ஆயத்தமான மறுமொழி ஒன்று உண்டு. 1956, 1958, 1983 என ஆண்டுகளை அடுக்குவோம், தரப்படுத்தலைச் சொல்வோம், 1981இல் எரிந்த நூலகத்தைச் சொல்வோம். அனைத்தும் உண்மை. கணிதப் பேராசிரியர் எலியேசர் 1959இல் மலாயாவுக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் சென்றார். அரசியல் அறிஞர் ஏ. ஜே. வில்சன் 1972இல் கனடாவுக்குச் சென்றார். 1983இன் பின்னர் ஓடியோர் துரத்தப்பட்டோர். அவர்களிடம் எவர் கணக்குக் கேட்பது? ஆனால் இன்று புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து, ஆங்கிலப் பரீட்சையை மூன்றாம் தடவை எழுதி, அரைப் புள்ளி உயர்த்திச் செல்பவர், அகதியின் கண்ணீரைத் தம் விண்ணப்பத்தோடு இணைக்கும் உரிமை உடையவரல்லர். துரத்தப்படுதலும் தெரிவு செய்யப்படுதலும் வேறு வேறு.

எங்கள் பாட்டன்மார் காலத்திலும் யாழ்ப்பாணத்தார் ஆங்கிலச் சான்றிதழைக் கையிற் பிடித்துக்கொண்டு மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் கந்தோர்களுக்கும் சென்றனர். அது வெள்ளையனின் சேவைதான். எனினும் பலர் பென்சனோடு திரும்பி வந்தார்கள்; கிணறும் கோயிலும் பாடசாலையும் அந்தப் பணத்தில் எழுந்தன. இன்றைய பயணத்தின் முடிவிடமோ பிரசாவுரிமை.

கடந்த ஆண்டு என் தமக்கையின் பத்திரங்களையும் யானே தட்டச்சுச் செய்தேன். அவர் பொறியியலாளர். மேற்கண்டவாறெல்லாம் அவரிடம் வாதாடினேன். அவர் சொன்ன மறுமொழி இது: “தம்பி, நான் கடன்காரி எண்டு சொல்லுறாய். சரி, கடன் தந்தவை ஆரெண்டு சொல்லு, அவையின்ர கையில கட்டுறன். அரசாங்கத்தின்ர கையில குடுக்கச் சொல்லாத.”

அன்று என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்று சொல்கின்றேன். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. அக்காலத்து அரசின் வருவாயிற் பெரும்பங்கு தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றிலிருந்து வந்தது. தேயிலையைப் பறித்தவர் மலையகத் தமிழர். மூன்றாண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களிற் பெருந்தொகையினரைக் கப்பலேற்ற வழி செய்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது. ஆகவே இலவசக் கல்விக்குப் பணம் தந்தவர்களின் பிள்ளைகளே அதில் மிகக் குறைவாகப் பயனடைந்தனர். ‘தன்பொறுப்பிற்’ செல்லும் ஒவ்வொருவருக்கும் பொறுப்பு நின்றவள் கொழுந்துக்கூடை சுமந்த அந்தப் பெண். அவளுடைய பேர்த்தி இன்றும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் படிக்கின்றாள். அக்கா, கடன் அங்கே கட்டப்பட வேண்டும்.

இதனைத் தனிமனிதரின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடவும் கூடாது. பொருளியலாளர் ஜகதீஷ் பகவதி 1970களின் தொடக்கத்திலேயே ஒரு யோசனை கூறினார்: ஏழை நாடுகளிலிருந்து வந்த தேர்ச்சியாளரின் வருமானத்தில் சிறு மேல்வரி அறவிட்டு, அதனை அவர்களை உருவாக்கிய நாடுகளின் வளர்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்பது. நடைமுறைக்கு ஒவ்வாது, சுதந்திரத்துக்கு முரண் என்றார்கள். ஆனால் ஐக்கிய அமெரிக்கா தன் பிரசை உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும் வருமான வரிக் கணக்குக் கேட்கின்றது. தனக்கு நியாயமாகத் தோன்றுவது பிறருக்கு ஏன் அநியாயமாகின்றது? வரியை இலங்கைத் திறைசேரியில் நம்பிக் கொடுக்க முடியாது என்பாராயின், அந்த அச்சம் எனக்கும் உண்டு. வாங்கும் நாடே அறவிட்டுப் பாடசாலைகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் நேரே அளிக்கட்டும். வீசாக் கட்டணத்தை அறவிடத் தெரிந்த நாடுகளுக்கு இது தெரியாததன்று.

மாணவராகிய எமக்கு ஒரு கோரிக்கை இன்னும் அண்மையில் உள்ளது. கடந்த தவணையில் எமக்குக் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் நெடுங்கால லீவிற் சென்றுவிட்டார்; திரும்புவார் என எவரும் எதிர்பார்க்கவில்லை. லீவு பெற்றவரின் இடம் வெற்றிடமாகக் கணிக்கப்படுவதில்லை. எனவே புதியவரை நியமிக்கவும் முடியாதாம். அவர் இருக்கும் ஊரிலிருந்து இணையவழி வாரம் இரண்டு மணித்தியாலம் கற்பிக்கலாம். வேறு துறையினர் சிலர் அவ்வாறு செய்கின்றனர். இதனை வேண்டி, வகுப்பிலுள்ள பதினொருவரும் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கின்றோம். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியுள்ளோம்.