எழுதினவனே டெஸ்ட் பண்ணலாமா? (கல்பாக்கம் - கொடைக்கானல் - நீர்மூழ்கி)

டிஸ்கி: நீளமான பதிவு. இது அணு உலை எதிர்ப்புப் பதிவும் இல்லை, தேசபக்திப் பதிவும் இல்லை. ரெண்டு பக்கமும் அடி விழும்னு தெரிஞ்சேதான் எழுதறேன் :-)

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கொடைக்கானல் போற வழியில பெருமாள்மலை பக்கம். மழை, பனி, கரண்ட் கட், அடுப்படியில எல்லாரும் ஒண்ணா உக்காந்து காப்பி. சித்தப்பா பையனும் லீவுல வந்திருந்தான். நேவியில சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. "அண்ணே, சப்மரீன் பிரிவுக்கு விருப்பம் எழுதிக் குடுத்திருக்கேன்"னு சொன்னான். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கலை. சித்தி மட்டும் ஒண்ணும் பேசலை.

நான் சும்மா இருக்க மாட்டாம, அணுசக்தி சப்மரீன் எப்படி ஓடுதுன்னு தம்பிக்கு அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். (எஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது ஒரு வியாதி.) எல்லாம் முடிஞ்சப்புறம் சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

"ஏப்பா, அந்த உலை பக்கத்துலயே மாசக்கணக்குல இருப்பாங்களே, ஒண்ணும் ஆகாதுல்ல? யாராச்சும் பார்த்துக்குவாங்கள்ல?"

"பார்த்துக்குவாங்க சித்தி"ன்னுட்டேன். மெட்ராஸ் திரும்பி வர்ற பஸ்ல ராத்திரி பூரா அதுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. யாரு பார்த்துக்குவாங்க?

முதல்ல நான் எந்தக் கட்சின்னு சொல்லிடறேன். இந்தியாவுக்கு அணுசக்தியில ஓடற தாக்குதல் நீர்மூழ்கி வேணும். டீசல் சப்மரீன் தண்ணிக்கு அடியில பாட்டரியில ஓடுது. சார்ஜ் குறைஞ்சா டீசல் எஞ்சினைப் போடணும், எஞ்சினுக்குக் காத்து வேணும், காத்துக்கு மேல வந்து குழாயை நீட்டணும். நீட்டினா மாட்டிக்கும். அணு உலைக்குக் காத்தே வேண்டாம். உள்ள இருக்கற ஆளுங்களுக்கு அரிசி பருப்பு தீர்ற வரைக்கும் அடியிலேயே, அதுவும் வேகமா, சுத்தலாம்.

நம்மகிட்ட இருக்கற அரிஹந்த் (2009-ல விசாகப்பட்டினத்துல தண்ணியில இறக்கினது), அரிகாட் (2024 ஆகஸ்ட்ல கடற்படையில சேர்ந்தது) ரெண்டும் வேற ரகம். அணு ஏவுகணையை வயித்துல வெச்சுக்கிட்டு யார் கண்ணுலயும் படாம ஒளிஞ்சு கிடக்கறதுதான் அதுங்க வேலை. துரத்திப் பிடிக்கற ரகம் நம்ம சொந்தத் தயாரிப்புல இன்னும் கிடையாது. ரஷ்யாகிட்ட வாடகைக்கு எடுத்துதான் ஓட்டினோம். 1988-ல இருந்து 1991 வரைக்கும் ஒரு சக்ரா, 2012-ல இருந்து 2021 வரைக்கும் இன்னொரு சக்ரா. வாடகை வீடு வாடகை வீடுதான், சுவத்துல ஆணி அடிக்க முடியாது. 2014-ல சீனாவோட நீர்மூழ்கி ரெண்டு தடவை கொழும்புத் துறைமுகத்துல வந்து நின்னுச்சு. அது டீசல் ரகம்தான். ஆனா அவங்க அதுக்கு முன்னாடியே இந்தியப் பெருங்கடலுக்கு அணுசக்தி ரகத்தையும் அனுப்பிப் பார்த்துட்டாங்க. அதனால, 2015-ல ஆறு கட்டலாம்னு முடிவு பண்ணி, 2024 அக்டோபர்ல முதல் ரெண்டுக்கு மத்திய அமைச்சரவையோட பாதுகாப்புக் குழு சரின்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷம்தான். சுமார் நாப்பதாயிரம் கோடி ரூபாய்னு பத்திரிகையில வந்துச்சு. அதையும் நான் குறை சொல்லலை.

இனிமேதான் என் சண்டை.

இந்த சப்மரீன் கதையில தமிழ்நாடு எங்கயோ தூரத்துல இல்லை. அரிஹந்த்துக்கு உலை செய்யறதுக்கு முன்னாடி, அதே மாதிரி ஒரு உலையைத் தரையில, பாதி சப்மரீன் உடம்புக்குள்ள வெச்சு ஓட்டிப் பார்த்தாங்க. எங்க? கல்பாக்கத்துல. 2003 நவம்பர்ல அந்த உலை உயிர் பெத்துச்சு. 2006-ல முழு ஓட்டத்துக்கு வந்துச்சு. பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு "இதோ பாருங்க"ன்னு காட்டினது 2009 ஆகஸ்ட்ல, அரிஹந்த் தண்ணியில இறங்கினப்புறம். நடுவுல 2004 டிசம்பர்ல சுனாமி வந்து கல்பாக்கம் குடியிருப்புக்குள்ளயே புகுந்து உயிர்களை எடுத்துட்டுப் போச்சு. மின்சாரம் எடுக்கற உலையைப் பத்திரமா நிறுத்திட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சோம். அதே வளாகத்துல இன்னொரு உலையும் இருந்துச்சுன்னு நமக்கு அன்னிக்குச் சொல்லலை. நான் வேலை பார்க்கற சிறுசேரியில இருந்து பைக்ல போனா அது ஒரு மணி நேரத் தூரம் மக்களே!

சரி, ராணுவ ரகசியம், ஒத்துக்கறேன். அந்த உலை பாதுகாப்பா ஓடுதான்னு யார் பார்த்தாங்க? இங்கதான் எனக்கு இடிக்குது. மின்சார உலைகளைக் கண்காணிக்க 1983-ல இருந்து அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்னு ஒண்ணு இருக்கு. 2000-ஆம் வருஷம் ஒரு உத்தரவு போட்டு, பாபா அணு ஆராய்ச்சி மையத்தோட (இனிமே 'பார்க்'னு சொல்றேன்) வசதிகளை எல்லாம் அந்த வாரியத்தோட பார்வையில இருந்து வெளிய எடுத்தாங்க. பாதுகாப்பை பார்க்குக்குள்ளயே ஒரு அமைப்பு பார்த்துக்கும்னு ஏற்பாடு. சப்மரீன் உலையை வடிவமைச்சது யாரு? பார்க். கல்பாக்கத்துல ஓட்டினது யாரு? பார்க். சரியா இருக்கான்னு பார்க்கறது யாரு? அதுவும் பார்க்.

நம்ம தொழில்ல இதுக்கு என்ன பேரு? கோடு எழுதினவனே டெஸ்ட் பண்ணி, அவனே 'பாஸ்'னு கையெழுத்துப் போட்டு, அவனே புரொடக்ஷன்ல ஏத்தறது. ஆன்லைன்ல செருப்பு விக்கற கம்பெனியில கூட இதை விட மாட்டாங்க. எழுதினவன் அயோக்கியன்னு அர்த்தம் இல்லை. எழுதினவனுக்குத் தன் தப்பு கண்ணுல படாது, அவ்வளவுதான். நான் எழுதின கோடை நானே பத்து தடவை பார்த்து "ஓகே"ன்னு அனுப்பி, டெஸ்டிங்ல இருக்கற பொண்ணு ரெண்டு நிமிஷத்துல உடைச்ச கதை எத்தனை சொல்லணும்? :-(

கற்பனையா பயமுறுத்தறேன்னு சொல்லாதீங்க. 2003 ஜனவரி 21. கல்பாக்கத்துல பார்க் நடத்தற மறுசுத்திகரிப்பு ஆலை. ஒரு வால்வு பழுதாகி, கடுமையான கதிர்வீச்சு உள்ள கழிவு, குறைவான கழிவு இருக்கற தொட்டிக்குள்ள போயிடுச்சு. வால்வு போனதைச் சொல்றதுக்கோ, கதிர்வீச்சைக் காட்டறதுக்கோ அந்த இடத்துல ஒரு கருவி கூட வெச்சிருக்கலை. ஆறு பேர் அளவுக்கு மீறி கதிர்வீச்சு வாங்கினாங்க. நமக்கு அது தெரிய வந்தது பல மாசம் கழிச்சு. நான் சொல்ற உள்வீட்டு ஏற்பாடு வந்து மூணு வருஷம் கூட ஆகலை அப்போ.

இப்ப எங்க ஊருக்கு வர்றேன். "சப்மரீனுக்கும் கொடைக்கானலுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுங்க.

எங்க ஊர்ல 1983-ல இருந்து ஒரு தெர்மாமீட்டர் ஃபேக்டரி ஓடுச்சு. பாண்ட்ஸ் ஆரம்பிச்சு, அப்புறம் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாம்பார் சோலைக்கு மேல. 2001 மார்ச்ல, பாதரசம் ஒட்டின உடைஞ்ச கண்ணாடி டன் கணக்குல பழைய இரும்புக் கடையில கிடக்கறதை ஊர்க்காரங்களும் கிரீன்பீஸ்காரங்களும் சேர்ந்து வெளிய கொண்டு வந்தாங்க. ஃபேக்டரியை மூடினாங்க. அந்தக் கடையில இருந்ததைக் கண்டுபிடிச்சது எந்த ஆய்வாளரும் இல்லை, எந்த அதிகாரியும் இல்லை. பதினெட்டு வருஷம் 'யாராச்சும் பார்த்துக்குவாங்க'ன்னு எங்க ஊரே நம்பிக்கிட்டு இருந்துச்சு. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் கம்பெனிக்கும் சமரசம் ஆனது 2016-ல. அதுக்குள்ள பதினஞ்சு வருஷம்.

இதுல முக்கியமான விஷயம் இனிமேதான். ஃபேக்டரி வாசலைத் தாண்டி ஊருக்குள்ள பாதரசம் போயிருக்கான்னு சண்டை நடந்துச்சே, அப்ப எங்க ஊர் மரத்துல இருந்த பாசியையும் கல்பாசியையும் எடுத்துப் பார்த்து, ஏரித் தண்ணியையும் மீனையும் எடுத்துப் பார்த்து, பேரிஜம், கூக்கால் ஏரிகளோட ஒப்பிட்டு, "ஆமா, பாதரசம் பரவியிருக்கு, அது இந்த ஃபேக்டரியில இருந்துதான்"னு ஆய்விதழ்ல எழுதினது யாரு தெரியுமா?

ஹைதராபாத்ல இருக்கற ஒரு ஆய்வுக்கூடம். பார்க்கோட ஆய்வுக்கூடம்!

அதே பார்க். எங்க ஊர் ஏரி பத்தி அவங்க சொன்னதுக்கு ஏன் மதிப்பு இருந்துச்சு? அந்த ஃபேக்டரி அவங்களோடது இல்லை. தெர்மாமீட்டர் வித்தா அவங்களுக்கு லாபமும் இல்லை, மூடினா நஷ்டமும் இல்லை. வெளியாளா வந்து அளந்தாங்க. வெளியாள் அளந்தாதான் அளவுக்கு மரியாதைன்னு எங்களுக்குக் காட்டினதே அவங்கதான். அதே விதியை அவங்க வீட்டுக்கும் வெச்சுக்கங்கன்னுதான் கேக்கறேன். தப்பா?

"டேய், இதெல்லாம் ராணுவ ரகசியம், வெளிய சொன்னா எதிரிக்கு வசதி"ன்னு ஒரு பதிவர் அண்ணாச்சி ஏற்கனவே சாட்ல திட்டிட்டார். அண்ணாச்சி, எவ்வளவு ஆழம் போகும், எவ்வளவு சத்தம் போடும், எங்க நிக்குது, எரிபொருள் என்ன தரம் - இதுல ஒண்ணைக் கூட நான் கேக்கலை. உள்ள வேலை செய்யறவங்க மொத்தமா எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினாங்க, துறைமுகத் தண்ணியில என்ன இருக்கு, வருஷத்துல எத்தனை தப்பு நடந்துச்சு, அதை யார் விசாரிச்சாங்க - இதைத்தான் கேக்கறேன். உலகத்துலயே அதிகமா அணு நீர்மூழ்கி வெச்சிருக்கற அமெரிக்கக் கடற்படை, ஆளுங்க வாங்கற கதிர்வீச்சையும் துறைமுகத் தண்ணி, மண் அளவுகளையும் வருஷா வருஷம் புத்தகமா போட்டு வெளியிடுது. அதைப் படிச்சு யாரும் அவங்க சப்மரீனைப் பிடிச்சுடலை.

ஆஸ்திரேலியாவைப் பாருங்க. அவங்க கையில இன்னும் ஒரு அணு நீர்மூழ்கி கூட இல்லை. அமெரிக்காவும் பிரிட்டனும் உதவி செஞ்சு இனிமேதான் வரப் போகுது. நாம ரெண்டு கட்ட முடிவு பண்ணின அதே 2024-ல, அங்க கடற்படை அணு உலைகளுக்குன்னே தனி ஒழுங்குமுறை அமைப்புக்கு பார்லிமென்ட்ல சட்டம் போட்டுட்டாங்க. அந்த அமைப்பு பாதுகாப்பு அமைச்சர் கீழ வருதே, அது எப்படி சுதந்திரமா இருக்கும்னு அங்கயும் சண்டை நடந்துச்சு. நடக்கட்டும். சண்டை போட அங்க ஒரு அமைப்பாவது இருக்கு.

ரகசியத்தால பாதுகாப்பு வந்துடாது. 1985 ஆகஸ்ட்ல, விளாடிவாஸ்டாக் பக்கத்துல சாஷ்மா வளைகுடா. சோவியத் அணு நீர்மூழ்கி ஒண்ணுக்கு எரிபொருள் மாத்தறப்ப உலை மூடியைத் தூக்கினதுல தப்பு நடந்து வெடிச்சு, பத்துப் பேர் அங்கேயே செத்தாங்க. நடுக்கடல்ல இல்லை, கரையில கட்டிப் போட்டிருந்தப்ப. சோவியத் அரசு வருஷக்கணக்குல மூடி மறைச்சுது. மறைச்சதால அமெரிக்காவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் எல்லாம் அந்தக் கப்பல் தளத்துல வேலை பார்த்தவங்களுக்குத்தான்.

இன்னொரு பக்கம் இருந்து வர்ற நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "அப்ப சப்மரீனே வேணாம்னு சொல்லு"ங்கறீங்க. சொல்ல மாட்டேன். வேணாம்னு சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுடும், அவங்க பாட்டுக்குக் கட்டுவாங்க, கேள்வி கேக்க ஆள் இருக்காது. வேணும்னு சொல்றவன்தான் ஒழுங்கா கட்டுன்னு கேக்கணும்.

வாரியத்துக்குச் சட்ட பலம் இல்லைன்னு 2012-லயே மத்திய தணிக்கைத் துறை அறிக்கை கொடுத்துச்சு. 2025 டிசம்பர்லதான் புதுச் சட்டம் மூலமா சட்ட அந்தஸ்து வந்துச்சு. பதிமூணு வருஷம்! வந்த வரைக்கும் நல்லது. அதே சூட்டோட ராணுவ உலைகளுக்கும் செய்ங்க. பார்க்குக்கும் கடற்படைக்கும் கீழ வராத ஒரு தனி அமைப்பு. ரகசியம் காக்கற உறுதிமொழி எடுத்த ஆளுங்களே இருக்கட்டும், ஆனா கப்பலை "நிறுத்து"ன்னு சொல்ற அதிகாரம் இருக்கணும். வருஷத்துக்கு ஒரு அறிக்கை, பத்துப் பக்கம் போதும். துரத்தற ரகம் சும்மா ஒளிஞ்சு கிடக்காது. வேகமா ஓடும், அடிக்கடி ஏத்தி இறக்குவாங்க, உலைக்கு வேலை ஜாஸ்தி. முதல் கப்பல் கடலுக்கு வர்றதுக்கு இன்னும் வருஷங்கள் இருக்கு. டிசைன் நடக்கறப்பவே டெஸ்டரைக் கூப்பிடணும்னு நமக்குத் தெரியாதா என்ன?

நேத்து தம்பி போன் பண்ணினான். விருப்பம் கேட்டிருந்தது கிடைச்சிருச்சாம், பயிற்சிக்கு விசாகப்பட்டினம் போறான். பின்னாடி சித்தி குரல் கேட்டுச்சு. சட்டைப் பையில கதிர்வீச்சு அளக்கற டோசிமீட்டர் ஒண்ணு மாட்டுவாங்க, அதுல எல்லாம் தெரியும், பயப்படாதீங்கன்னேன்.

"அதை அப்புறம் யாருப்பா படிப்பாங்க?"ன்னு கேட்டாங்க.

அரசாங்கத்துல யாருக்காச்சும் பதில் தெரிஞ்சா சொல்லுங்க. நான் சித்திக்குப் போன் பண்ணணும்.

(பின்னூட்டத்துல தேசத்துரோகின்னு திட்ட வர்றவங்க பேரோட வாங்க. அனானி கதவைச் சாத்தியாச்சு :-) )