பாண் வண்டியின் கோணற் கதவு

மாலை வேளையில் மல்லாவி ஒழுங்கைகளில் ஒரு மெல்லிய இசை கேட்குமாயின், சிறுவர்கள் கைக்காசுடன் படலையடிக்கு ஓடிவிடுவார்கள். ஜேர்மானிய இசைமேதை பீதோவன் 1810ஆம் ஆண்டில் இயற்றிய ‘ஃபூர் எலிஸ்’ என்னும் பியானோ இசையே அது. அவர் காலமாகி நாற்பது ஆண்டுகள் சென்ற பின்னர், 1867இலேதான் அஃது அச்சேறியது. இலங்கையின் முச்சக்கரப் பாண் வண்டிகளுக்கு அதுவே அழைப்பு மணியாகும் என்று அம்மேதை கனவிலும் கருதியிருக்கமாட்டார். நிற்க.

நாம் இன்று எழுதப் புகுந்தது அவ்விசையைப் பற்றியன்று. அவ்வண்டியின் பின்னே அமைந்துள்ள பெட்டியறைகளின் கதவுகளைப் பற்றியே. சென்ற கிழமை நம் வாசலில் வந்து நின்ற பாண்காரத் தம்பியின் வண்டியில், ஒரு கதவு சைக்கிள் ரியூப்பை அரிந்தெடுத்த றப்பர் பட்டியினாற் கட்டப்பட்டிருந்தது. மேல் மூலையில் விரல் நுழையும் இடைவெளி. கீழ் மூலையிலோ கதவு சட்டத்தை உரசிக்கொண்டு நின்றது. யோகபுரம், துணுக்காய், பாண்டியன்குளம் என்று கிரவற் பாதைகளில் ஓடித் திரியும் வண்டியல்லவா? பணிஸ்களின் மேல் புழுதி மெல்லிய போர்வையாகப் படிந்திருந்தது. புழுதி படிந்த பணிஸை இன்று ஒருவர் வாங்கினாலும் நாளை வாங்கமாட்டார். விற்காது திரும்பும் பண்டத்தின் நட்டமோ அவர் தலையிலேயே விழும்.

“கதவு பெருத்துப்போச்சுது ஐயா. ஒருக்காச் சீவிவிட்டாற் சரி,” என்றார் அவர்.

சீவுளியைக் கையில் எடுக்கலாகாது என்று நாம் தடுத்தோம். மாரி மழையில் மரக்கதவு ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது உண்மையே. ஆயினும் அவ்வாறு பருத்த கதவில், ஒரு மூலையில் உரசலும் மறு மூலையில் இத்துணை இடைவெளியும் சேர்ந்து தோன்றா. அவசரப்பட்டுச் சீவிய கதவு, கோடையில் மரம் காய்ந்ததும் ஓட்டை வாயாகிவிடும். சீவிய மரத்தை மீண்டும் ஒட்டவைக்க எந்தத் தச்சராலும் இயலாது.

முதலிற் பண்டங்களை இறக்கி, வண்டியை மட்டமான சீமெந்துத் தரையில் நிறுத்தச் செய்தோம். ஒரு சில்லு பள்ளத்தில் நின்றாலும் பெட்டி முறுகிக் கதவு இறுகும். ரயர்களிற் காற்றுக் குறைந்திருந்தாலும் அவ்வாறே. பின்னர், பிணைச்சல் இல்லாத பக்கமாகக் கதவைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்த்தோம். சற்றே எழுந்தது. மேற்பிணைச்சலின் திருகாணிகள் இரண்டும் துளை பெருத்து ஆடிக்கொண்டிருந்தன. தீக்குச்சிகளிற் பசை தடவித் துளைகளில் இறுக்கி, காய்ந்தபின் திருகாணிகளை மீண்டும் பூட்டினோம். பாதிக் கோணல் அகன்றது. மறு பாதி அகலவில்லை.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் வருகிறது. கதவு பொருந்தும் வாசலின் அகலம் 24 அங்குலம். உயரம் 18 அங்குலம். மூலைகள் நேர்கோணமாயின், பைதகரசின் தேற்றப்படி மூலைவிட்டம் இரண்டும் 30 அங்குலமாதல் வேண்டும். நாம் அளந்தபோது ஒன்று கால் அங்குலம் கூடியும் மற்றது கால் அங்குலம் குறைந்தும் இருந்தன. அஃதாவது, மேற்சட்டம் ஏறக்குறைய ஓர் அங்குலத்தின் மூன்றிலொரு பங்கு பக்கவாட்டிற் சாய்ந்துவிட்டது. குற்றம் கதவினுடையதன்று, பெட்டியினுடையது.

நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் கயிற்றினாற் பிணைத்து, கயிற்றின் நடுவில் ஒரு தடியைச் செருகி முறுக்கினோம். சட்டம் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. அளவுகள் ஒத்ததும், வாசலின் நான்கு மூலைகளிலும் முக்கோண இரும்புத் தகடுகளை ஆணியிட்டு நிறுத்தினோம். நாற்கோணம் குலுக்கலிற் சரியும். பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணம் சரியாது. கூரைக் கைமரங்களிலும் பாலங்களின் இரும்புச் சட்டங்களிலும் முக்கோணங்கள் மலிந்திருப்பது இதனாலேயே.

கொளுக்கியைத் தொட்டது கடைசியில்தான். பலர் அதிலேயே தொடங்கி, பொருந்தாத கதவைப் பலாத்காரமாக இழுத்துப் பூட்ட முயல்வர். பிணைச்சல் மேலும் தளர்வதே கண்ட பலன். நமக்கோ கொளுக்கியின் வளையத்தை ஒரு நூலளவு கீழே இறக்கியதே போதுமாயிற்று. சட்டத்தின் ஓரத்தில் மெல்லிய றப்பர் நாடாவையும் ஒட்டிவிட்டோம். எறும்புக்கும் புழுதிக்கும் அது நல்ல தடை.

மற்றக் கதவையும் பார்த்துவிடலாம் என்றோம். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. வவுனிக்குளப் பக்கத்து வாடிக்கைக்காரர் காத்திருப்பார்களாம். றப்பர் பட்டியை எறிந்துவிடாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அடுத்த ஞாயிறு வாறன் ஐயா,” என்று கூறி, இசையை முடுக்கிவிட்டுத் தம்பி புறப்பட்டார்.