மறதி நோய்க்கு மருந்து எங்கே?

“எனக்கு ஏன் இன்னும் சோறு போடவில்லை?” என்று தாத்தா கேட்கிறார். அவர் சாப்பிட்டு அரை மணி நேரம்தான் ஆகிறது!

கடைக்குப் போன பாட்டி, வீடு திரும்ப வழி தெரியாமல் தெருமுனையில் நிற்கிறார். அது அவர் 60 ஆண்டுகளாக நடந்த தெரு!

“வயசாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது” என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லி விடுகிறார்கள். ஆனால், இது நோயாக இருக்கலாம். மறதி நோய்கள் பல உண்டு. அவற்றில் மிக அதிகமாக வருவது ‘அல்சைமர்’ நோய்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில், 100 பேருக்கு 7 பேர் மறதி நோயால் அவதிப்படுகிறார்கள். மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்! 2023-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சிக் கணக்கு இது. பட்டணத்தைவிடக் கிராமத்தில் இந்த நோய் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால், இளைஞர்கள் பிழைப்புத் தேடி மதுரைக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். ஊரில் இருந்து வீட்டைக் காப்பவர்கள் முதியவர்கள். அவர்களுக்கு மறதி நோய் வந்தால், கவனிப்பது யார்? இதற்கு மருந்து உண்டா?

பெயர் வந்த கதை

1901-ம் ஆண்டு, ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு 51 வயதுப் பெண் ஒருவரை அழைத்து வந்தார்கள். தன் பெயரைக்கூட அவரால் சரியாக எழுத முடியவில்லை. அவரைக் கவனித்தவர் டாக்டர் அலாய்ஸ் அல்சைமர்.

1906-ல் அந்தப் பெண் இறந்தார். அவருடைய மூளையை டாக்டர் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். மூளை செல்களுக்கு வெளியே கசடு படிந்து இருந்தது. செல்களுக்கு உள்ளே, சிக்கு விழுந்த நூல்போல இழைகள் முறுக்கிக்கொண்டு இருந்தன. டாக்டரின் பெயரே நோய்க்குப் பெயராகிவிட்டது.

மகன் கண்ட மருந்து

ஜப்பானில் ஹச்சிரோ சுகிமோட்டோ என்று ஒரு விஞ்ஞானி. அவருடைய தாயாருக்கு மறதி நோய் வந்தது. பெற்ற மகனையே தாயாருக்கு அடையாளம் தெரியவில்லை! மனம் நொந்த மகன், மருந்து தேடுவதில் இறங்கினார். அவரும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்ததுதான் ‘டோனெப்பெசில்’ மாத்திரை. 1996-ல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி கொடுத்தது. இப்போது நம் ஊர் மருந்துக் கடைகளிலும் டாக்டர் சீட்டுக்குக் கிடைக்கிறது.

மூளையில் ஒரு செல், அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்ப ஒரு ரசாயனம் தேவை. இந்த நோயில் அது குறைந்து போகிறது. இருப்பது சீக்கிரம் அழியாமல் இந்த மாத்திரை காக்கிறது. கிணற்றில் ஊற்று வற்றும்போது, இருக்கிற தண்ணீரைச் சிக்கனமாக வைத்துக்கொள்வது போல! சிலருக்குக் கொஞ்ச காலம் பலன் தெரியும். ஆனால், ஊற்று வற்றுவதை மாத்திரையால் தடுக்க முடியாது.

244-ல் ஒன்று!

2002-ம் ஆண்டு முதல் 2012 வரை, 244 மருந்துகளை இந்த நோய்க்குச் சோதித்துப் பார்த்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று!

2023-ல் அமெரிக்காவில் ‘லெக்கானெமாப்’ என்ற புது மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 2024-ல் ‘டொனானெமாப்’ வந்தது. இவை மூளையில் படிந்த கசடை நீக்குகின்றன.

லெக்கானெமாப் மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களுக்கு, நோய் முற்றும் வேகம் 27 சதவீதம் குறைந்தது. நோய் நிற்கவில்லை. போன ஞாபகமும் திரும்பவில்லை. நோயின் தொடக்கத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே இதைக் கொடுக்கிறார்கள். சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் ஏற்படுவதால், அடிக்கடி ஸ்கேன் எடுக்க வேண்டும். மருந்து வந்தபோது ஒரு வருடச் செலவு 26,500 டாலர். நம் பணத்தில் 20 லட்சம் ரூபாய்க்கு மேல்!

சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் ‘செமாகுளூடைடு’ மாத்திரை, மறதி நோய்க்கும் உதவும் என்று பலர் நம்பினார்கள். 2025 நவம்பரில் சோதனை முடிவு வந்தது. நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை.

மஞ்சளும் வல்லாரையும் சாப்பாட்டுக்கு நல்லவை. அவற்றால் அல்சைமர் நோய் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. “ஒரே மாதத்தில் குணம்” என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைத்தால், நோயோடு கடனும் சேரும்.

வாசலுக்கு வரும் மாத்திரை

ஆனால், நல்ல செய்தியும் உண்டு.

உலக நிபுணர்கள் குழு ஒன்று 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. மறதி நோய்க்கு வழி செய்யும் 14 காரணங்களை அது எடுத்துக் காட்டுகிறது. அவற்றைச் சரி செய்தால், 100 பேரில் 45 பேருக்கு நோய் வராமல் தடுக்கலாம் அல்லது தள்ளிப் போடலாம். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம், காது மந்தம், தனிமை, சிறு வயதில் படிப்பு இல்லாமை ஆகியவை அந்தக் காரணங்களில் சில.

ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே வருகிறது. “உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது” என்று பலர் அதைப் பாதியில் நிறுத்தி விடுகிறார்கள். அது மூளையையும் காக்கும் மாத்திரை. நிறுத்தக்கூடாது.

அருப்புக்கோட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நாள் முழுவதும் விசைத்தறி இரைச்சலில் நின்றால் காது மந்தமாகும். காது கேட்காதவர் பேச்சைக் குறைப்பார். பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறையும். காதைச் சோதித்து, தேவையானால் கருவி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் சோதனை

எல்லா மறதியும் அல்சைமர் ஆகிவிடாது. ‘பி-12’ வைட்டமின் குறைந்தாலும் மறதி வரும். தைராய்டு கோளாறாலும் வரும். மனச்சோர்வாலும் வரும். இவற்றுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. ஆகையால், மறதி தெரிந்த உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மதுரையில் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது.

நோயை அடியோடு குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. தேடுதல் நடக்கிறது. அதுவரை, வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மறந்து போனதற்காகப் பெரியவர்களை ஏசக்கூடாது. கேட்டதையே பத்து முறை கேட்டாலும், பத்து முறையும் பதில் சொல்ல வேண்டும்.