அறுபது நாள் வாக்குறுதி

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லியே பெண்களை அடிபட்ட வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய சமூகம் இது. அதை மாற்ற வந்ததுதான் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அடி உதையோடு வசைச்சொல்லையும், செலவுக்குப் பணம் தராமல் முடக்குவதையும் அது வன்முறை என்றே வரையறுக்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் மருமகள் அங்கே குடியிருப்பு உரிமை கோரலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

குறை சட்டத்தில் இல்லை, செயலாக்கத்தில் இருக்கிறது. முதல் விசாரணையிலிருந்து 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பிலோ வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. காவல் நிலையத்தில் புகாருக்கு ரசீது கிடைப்பதற்கு முன்பே ‘அனுசரித்துப் போம்மா’ என்ற அறிவுரை கிடைத்துவிடுகிறது. வாய்தா தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் அதே கூரையின் கீழ் அஞ்சி வாழும் நாள்தான்.

இச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் பாதுகாப்பு அலுவலர்களுக்கு வேறு பணிச்சுமை கூடாது. இடைக்கால உத்தரவுகள் தாமதமின்றி வர வேண்டும். நமக்கும் கடமை உண்டு. வன்முறை பற்றிப் பாதுகாப்பு அலுவலருக்கு யாரும் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் சன்னலைச் சாத்தாதீர்கள், மகளிர் உதவி எண் 181ஐ அழையுங்கள்.