நிமிஷத்துக்கு எத்தனை மிதி?

கம்பம் பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை கூடலூர் வரையில் சாதுவான சாலை. திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் நெல் வயலுமாக இரு புறமும் பார்த்துக்கொண்டே சைக்கிளில் போய்விடலாம். லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் அதன் சுபாவம் மாறிவிடுகிறது. அங்கிருந்து குமுளி வரையில் சுமார் 6 கிலோமீட்டர் தூரமும் மலையேற்றம். வளைவுக்கு மேல் வளைவு.

இந்தச் சாலையில் இரண்டு விதமான சைக்கிள்காரர்களைப் பார்க்கலாம். ஒருவர், நமது பாட்டனார் காலத்திலிருந்து மாறாத கறுப்புச் சைக்கிளை உடையவர். முதல் வளைவிலேயே அவர் கௌரவமாக இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பார். இன்னொருவர், பல கியர்கள் உள்ள வண்டியில் வருபவர். இவர் இறங்குவதில்லை. ஆனால் இவருடைய கால்கள் மாவரைக்கும் இயந்திரத்தைப் போலச் சுற்றுகின்றன. வண்டியோ நத்தையைப் போல ஊர்கிறது. "இவ்வளவு மிதித்தும் இவ்வளவுதானா?" என்று பஸ்ஸிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க வேண்டியதில்லை. சாஸ்திரம் அவர் பக்கம் இருக்கிறது.

எப்படி என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். கணக்கென்றால் அஞ்சுகிறவர்கள் அடுத்த பாராவைத் தாண்டிப் போய்விடலாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பையனிடம் சரிபார்க்கச் சொன்னாலும் சரியே.

மனிதனும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ. நூறு அடி போனால் ஏழடி ஏறும் சாலை. மிதிப்பவருடைய சக்தி 150 வாட் என்று வைத்துக்கொள்வோம். வண்டி மணிக்கு எட்டரைக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் போகும். கறுப்புச் சைக்கிளில் முன் சக்கரப் பல் 44, பின் பல் 18 என்றால், மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். ஆகவே இந்த ஏற்றத்தில் நிமிஷத்துக்கு 26 சுற்றுத்தான் மிதிக்க முடியும். அந்த மந்த கதியில் 150 வாட் சக்தியைச் செலுத்த, மிதிகட்டையைச் சராசரி 33 கிலோ விசையுடன் அழுத்த வேண்டும். சுற்றில் ஒரே சீராக அழுத்த முடியாதாகையால், உச்ச நிலையில் அது ஏறக்குறைய இரு மடங்காகும். அதாவது ஒவ்வொரு மிதிக்கும் ஆசாமி தம் முழு உடம்பையும் தூக்கி மிதிகட்டையின் மேல் வைக்க வேண்டும். அவர் இறங்கி நடப்பதில் என்ன ஆச்சரியம்? மற்றவரோ முன்னே 34 பல், பின்னே 32 பல் வைத்திருக்கிறார். அதே வேகம், அதே உழைப்பு. ஆனால் நிமிஷத்துக்கு 63 சுற்று. சராசரி அழுத்தம் 14 கிலோவுக்கும் குறைவு.

இந்தத் தத்துவத்தை லோயர் கேம்ப்பிலேயே இன்னொரு இடத்தில் காணலாம். பென்னிகுயிக் கட்டி 1895-இல் முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர், மலையைக் குடைந்து வந்து, பெரிய இரும்புக் குழாய்களின் வழியே கீழே பாய்ந்து மின்சார நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றுகிறது. அவர் பெயரால் 2013-இல் திறந்த மணிமண்டபமும் இவ்வூரில்தான் இருக்கிறது. மின்சாரத்துக்குத் தேவை அதிகமானால் அந்தச் சக்கரங்கள் அதிக வேகமாகச் சுற்றும் என்று நினைக்கலாம். அப்படியல்ல. நம் வீட்டு விளக்கின் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைய வேண்டுமென்பது விதி. அதற்கேற்ற வேகம் மாறக் கூடாது. சுமை கூடினால் தண்ணீரைக் கூட்டி அதே வேகத்தைக் காப்பாற்றுகிறார்கள். மனிதக் கால்களுக்கும் அவற்றுக்கு ஒத்த ஒரு வேகம் உண்டு. சாலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வேகத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதற்கே கியர்கள் ஏற்பட்டன.

அந்த வேகம் எவ்வளவு என்பதில்தான் அபிப்பிராய பேதம். பிராணவாயுவை மட்டும் கணக்கிட்டால், மெதுவாகச் செல்பவருக்கு நிமிஷத்துக்கு 50, 60 சுற்றே சிக்கனம். ஆனால் பந்தயக்காரர்கள் இதைக் கேட்பதில்லை. ஐரோப்பாவின் மூன்று வாரப் பெரும் பந்தயங்களில் ஓட்டியவர்களை ஸ்பெயின் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் கவனித்து 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமதரையில் சராசரி 89 சுற்று, தனி ஆளாகக் கடிகாரத்துடன் போட்டியிடுகையில் 92, மலைகளில் 71. மூச்சு அதிகம் செலவானாலும் தசை சீக்கிரம் களைப்பதில்லை என்பது அவர்களுடைய கணக்கு. அன்றியும் கூட்டத்தில் ஒருவன் திடீரென்று முன்னே பாய்ந்தால், வேகமாகச் சுற்றும் கால்களே உடனே தொடர்ந்து பாயும்.

அப்படியானால் வேகமாகச் சுற்றுகிறவன்தான் ஜயிப்பானோ? அதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகலாம் என்ற சாதனையைப் பாருங்கள். 1972-இல் எடி மெர்க்ஸ் மெக்ஸிகோ நகரில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னே 52 பல், பின்னே 14. கணக்குப் பார்த்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 104 சுற்று. 2022-இல் இத்தாலியரான பிலிப்போ கன்னா 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். முன்னே 65 பல், பின்னே 14. சுற்று 97 அளவில்தான். வண்டியும் உடையும் காற்றைக் கிழிப்பதில் எவ்வளவோ முன்னேறிவிட்டன. கால்களோ சற்று நிதானப்பட்டிருக்கின்றன.

இன்னும் நிதானமானவர்கள் முப்பந்தயக்காரர்கள். 'டிரையத்லான்' என்னும் இந்தப் பந்தயத்தில் நீந்த வேண்டும், சைக்கிள் விட வேண்டும், பிறகு ஓடவும் வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் ஸான் டியகோவில் தோன்றி, 2000-இல் ஸிட்னி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஹவாய்த் தீவுகளில் 1978-இல் ஆரம்பித்த பெரிய வகையில் நீச்சல் 3.8 கிலோமீட்டர், சைக்கிள் 180, ஓட்டம் 42.195. மற்றச் சைக்கிள்காரர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் புல்தரையில் விழுந்து படுக்கலாம். இவர்களுக்கோ சைக்கிளிலிருந்து இறங்கிய பிறகுதான் பாதிக் கஷ்டம் ஆரம்பமாகிறது. ஆகவே மூச்சையும் இருதயத்தையும் மிச்சம் பிடிப்பதற்காக, பெரிய கியரில் நிமிஷத்துக்கு எண்பதை ஒட்டி மிதிக்கிறவர்கள் இவர்களில் பலர். நீண்ட பந்தயத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒண்டிக்கொண்டு போகக் கூடாதென்பது சட்டமாகையால், திடீர்ப் பாய்ச்சலுக்கும் அவசியமில்லை.

இதிலும் ஆராய்ச்சிகள் ஒருமுகமாகப் பேசுவதில்லை. வேகமாக மிதித்து இறங்கியவர்கள் பிறகு ஓடிய குறுகிய ஓட்டத்தில் முந்தினார்கள் என்று 2002-இல் வெளிவந்த ஆராய்ச்சி சொல்லிற்று. கால்கள் பழைய தாளத்தை மறக்காமல் அடிகளையும் விரைவாக வைத்தன. கடைசிப் பத்து நிமிஷம் மெதுவாக மிதித்தவர்கள் களைக்காமல் அதிக நேரம் ஓடினார்கள் என்று 2005-இல் வெளிவந்தது சொல்லிற்று. இரண்டும் உண்மையாக இருக்கலாம். குறுகிய ஓட்டத்துக்குத் தாளம் முக்கியம். நீண்ட ஓட்டத்துக்குச் சேமிப்பு முக்கியம்.

இதெல்லாம் வீரர்கள் விவகாரம், குடும்பஸ்தர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். லோயர் கேம்ப்பிலும் கூடலூரிலும் கம்பத்திலும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். 2001 முதற்கொண்டு படிப்படியாக அரசாங்கம் இலவசமாகக் கொடுத்துவரும் சைக்கிள்களால் எத்தனையோ பெண் குழந்தைகளின் படிப்புத் தொடர்கிறது. கியர் இல்லாத வண்டிகள் அவை. ஆனி, ஆடியில் கணவாய் வழியே புகுந்து வீசும் மேல்காற்றை எதிர்த்துப் போகும்போது சமதரையும் மலைதான். ஆசனத்தைத் தாழ வைத்து, முழங்காலை முகவாய் வரையில் மடக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மிதிக்கிறார்கள். மெதுவாக மிதிப்பது சுலபமென்று பெற்றோர் நினைக்கிறார்கள். பாரம் முழுவதும் முழங்காலில் இறங்குவதை யாரும் பார்ப்பதில்லை. "முட்டி வலிக்கிறது" என்று பெண் சொன்னால், "சைக்கிள் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று தீர்ப்பாகிவிடுகிறது. பள்ளிக்கூடம் தொலைவில் இருந்தால் அந்தத் தீர்ப்பு படிப்பின் மேலேயே விழுந்துவிடும்.

தீர்ப்புச் சொல்லுமுன் மூன்று காரியங்கள் செய்து பாருங்கள். முதலாவது, குழந்தையை ஆசனத்தில் உட்கார்த்தி, தாழ்ந்திருக்கும் மிதிகட்டையின் மேல் குதிகாலை வைக்கச் சொல்லுங்கள். கால் நேராக நீள வேண்டும். நீளாவிட்டால் ஆசனத்தை உயர்த்துங்கள். பிறகு முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. இரண்டாவது, வலது முழங்கால் பதினைந்து விநாடியில் எத்தனை முறை மேலே வருகிறதென்று எண்ணி, நான்கால் பெருக்குங்கள். சமதரையில் 60-க்கு மேல் இருந்தால் க்ஷேமம். குறைந்து, கால் திணறினால், மூன்றாவது காரியம்: பின்னாலிருக்கும் பற்சக்கரத்தை 18 பல்லுக்குப் பதில் 22 பல்லாக மாற்றச் சொல்லுங்கள். சைக்கிள் கடைக்காரர் சங்கிலியைச் சிறிது நீட்டி இதைச் செய்து கொடுப்பார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் 46-ஆக இருந்த மிதி 57 ஆகும். ஒவ்வொரு மிதியின் பாரமும் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவதில் அவமானம் ஒன்றுமில்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். மலைகளில் 71 சுற்றுக்கு இறங்கிய வீரர்களே கியரைக் குறைத்துக்கொண்டுதான் ஏறினார்கள். கியர் இல்லாத வண்டிக்கு நடையே கடைசிக் கியர்.