தேரடித் தெருவுக்கு எதற்கு இரும்புக் கவசம்?

போருக்குப் போகிறவன் கவசம் அணிவான். திருவல்லிக்கேணித் தேரடியிலிருந்து ஐஸ் ஹவுஸ் வரை காய்கறி மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிக்குக் கவசம் எதற்கு? இதை நான் என் அண்ணனிடம் அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணனிடம் இருப்பது ஒரு பிக்கப் வண்டி. ஜி.பி. ரோடு கடைகளில் அவன் கண்டு மயங்கியவை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் வந்து இறங்கின. முன்புறம் பூட்டும் புல் பார், கூரைக்கு நான்கு விளக்குகள், அகலமான பெரிய டயர்கள். காடு மலை ஏறும் வண்டிக்குரிய அணிகலன்கள்! ஆஸ்திரேலியாவில் இரவில் குறுக்கே பாயும் கங்காருவுக்கு அஞ்சி இத்தகைய கம்பியைப் பூட்டுகிறார்கள். அதில் பொருள் உண்டு. நம் தெருவில் படுத்திருக்கும் மாடோ ஹாரன் அடித்தாலும் எழுந்திருப்பதில்லை. பாய்வது எங்கே!

"2015 வெள்ளத்துல பட்டது மறந்துபோச்சா? வண்டி உயரமா இருக்கணும்டா" என்றான் அண்ணன். டயருக்குச் சொன்ன காரணம் கம்பிக்கும் விளக்குக்கும் சேர்ந்துவிட்டது. அந்த டயரிலும் ஒரு கணக்கு உண்டு. சுற்றளவு பத்தில் ஒரு பங்கு கூடினால், முள் 40 காட்டும்போது வண்டி 44 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்.

கம்பியின் கதை இன்னும் மோசம். வண்டியின் முகப்பு மோதும்போது நசுங்குவதற்கென்றே அமைந்தது. தகடு நசுங்க நசுங்க மோதலின் விசை அதில் கரைகிறது. கம்பியை அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கிவிட்டால் அந்த அடி சட்டத்தின் வழியே உள்ளே இருப்பவரைத் தேடிப் போகும். காற்றுப்பை உள்ள வண்டிகளில் அது விரியும் நேரமும் தவறக்கூடும். வெளியே நிற்பவருக்கோ நசுங்கும் தகடுகூட இல்லை, வெறும் இரும்புதான்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவைக் காட்டி, 2017 டிசம்பரில் மத்திய அரசு இக்கம்பிகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனாலும் கம்பிகள் கடை வாசலிலேயே பளபளவென்று தொங்குகின்றன!

எங்களைத் திருத்தியது சட்டமும் அன்று. சென்ற ஆண்டு ஒரு மாலை, நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களுக்கு நடுவிலிருந்து பக்கத்து வீட்டுச் சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு வந்தான். வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருந்தது; அண்ணன் பிரேக்கையும் மிதித்துவிட்டான். கம்பியின் விளிம்பு நெற்றியில் பட்டது. நான்கு தையல். வண்டியில் ஒரு கீறல் இல்லை. கவசம் தன் வேலையைச் செய்துவிட்டது அன்றோ?

தன் கையால் தன் வண்டியைச் சீர்செய்கிறவனை நான் இகழவில்லை, நண்பர்களே. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கற்ற எந்திர அறிவு எந்த வகுப்பிலும் கிடைக்காதது. பின்புறம் ஒளிரும் நாடா ஒட்டட்டும், தார்ப்பாய்க்குக் கொக்கி அடிக்கட்டும், யார் வேண்டாமென்றது? தெருவில் நடப்பவனை எதிரியாக்கும் அலங்காரம்தான் வேண்டாம் என்கிறேன்.

கம்பியைக் கழற்றியதும் நாங்கள் இருவருமே. அது இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது; அம்மா அதில் துணி காயப்போடுகிறாள். பழைய டயர்களும் திரும்பிவிட்டன. கூரை விளக்குகளை மட்டும் அண்ணன் இன்னும் விடவில்லை. அந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது.