குமாரும் மேரியும் தனித்து நிற்கக் கூடாதா?

கல்லூரிச் சேர்க்கையாகட்டும், வெளிநாட்டு வேலையாகட்டும், விண்ணப்பப் பாரத்தில் பெயருக்கென்று மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறார்கள்: முதல் பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர். நந்திதுர்க் லைன் வீட்டில் பிறந்து, எஸ். குமார் என்று பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஏறிய பையன் அந்த மூன்று கட்டங்களுக்கு எதிரே பேனாவை வைத்துக்கொண்டு விழிக்கிறான். அவனிடம் இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான்.

பக்கத்தில் நிற்கும் விவரம் தெரிந்தவர் சும்மா இருப்பாரா? "குமார் என்பது நடுப்பெயர் தம்பி, அதற்கு முன்னால் ஏதாவது வேண்டும்" என்பார். வடக்கே பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே ராஜேஷ் குமார் சிங் என்றால் ராஜேஷும் சிங்கும்தான் பெயர். குமார் இரண்டுக்கும் நடுவே வந்து போகிற ஒட்டு. ஒட்டையே பெயராக வைக்கலாமா என்பது அவர்கள் சந்தேகம்.

தமிழனுக்கு அந்தச் சந்தேகமே விசித்திரம். குமாரன் என்பது முருகன் பெயர். 1932ல் திருப்பூரில் கொடியை விடாமல் அடிபட்டு உயிர் நீத்த குமாரசாமியை நாடு குமரன் என்றே அறியும். தங்கவயலில் எந்த லைனில் நின்று "குமார்" என்று குரல் கொடுத்தாலும் நாலு கதவு திறக்கும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

மேரியின் கதையும் இதுவே. லூர்து மேரி, ஸ்டெல்லா மேரி, ஆரோக்கிய மேரி என்று நமது கிறிஸ்தவக் குடும்பங்களில் மேரி பின்னால்தான் வரும். ஆனால் தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண்ணை யாரும் லூர்து மேரி என்று முழுதாக அழைப்பதில்லை. "ஏ மேரி" என்றால் போதும். நடுப்பெயர் வைக்கும் பிரிட்டிஷ்காரர்களே அதைத்தான் செய்கிறார்கள். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கார்டன் பிரௌனின் முதல் பெயர் ஜேம்ஸ். அவருக்கு முன் அந்தப் பதவியில் இருந்த ஹெரால்டு வில்சனும் பிறப்பில் ஜேம்ஸ்தான். இருவருமே நடுப்பெயரைக் கொண்டு நாடாண்டவர்கள்.

ஆகவே, நடுப்பெயர் முதல் பெயராகுமா என்பது பெரிய வழக்கே அல்ல. ஒருவரைக் கூப்பிடப் பயன்படுவது எதுவோ, அதுவே அவருடைய முதல் பெயர். ஊர்ப் பெயர்கூட இப்படித்தான் இடம் மாறி நிலைக்கிறது. நந்திதுர்க்கம் என்ற மலை சிக்கபள்ளாப்பூர் பக்கம் இருக்கிறது. இங்கே சுரங்கத்துக்கு வந்த அந்தப் பெயர், 2001 பிப்ரவரி 28ல் சுரங்கம் மூடிய பிறகும் நம்மைவிட்டுப் போகவில்லை.

வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. ஆரோக்கியராஜ் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டத்தை நிரப்பவேண்டுமே என்று ஆரோக்கியாவை ஒரு கட்டத்திலும் ராஜை இன்னொரு கட்டத்திலும் எழுதிவிடுகிறார்கள். அன்று முதல் ராஜ் அவர் குடும்பப் பெயர்! அவருடைய தகப்பனார் சவரிமுத்துவைத் தேடினால் எந்தக் கட்டத்திலும் காணோம். நாளைக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனால், "ராஜ் என்பவர் சவரிமுத்துவின் மகன்தானா?" என்று கேள்வி வரும். குமாஸ்தாக்களைத் திட்டிப் பயனில்லை. கட்டம் போட்டவர் வேறு, எழுதுகிறவர் வேறு.

பெயர் இப்படி உடைவது ஏழைக்கு மட்டும் நேர்வதல்ல. பெங்களூரில் வாழ்ந்து மறைந்த சர் சி.வி. ராமனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். அது வேங்கட ராமன் என்று இரண்டாகி, உலகத்துக்கு ராமன் மட்டும் மிஞ்சியது. அவருடைய அண்ணன் சி. சுப்பிரமணியன், அண்ணன் மகன் எஸ். சந்திரசேகர். சித்தப்பாவுக்கு 1930லும் மகனுக்கு 1983லும் நோபல் பரிசு கிடைத்த அந்தக் குடும்பத்தில், மூவருக்கும் பொதுவான கடைசிப் பெயர் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் என்ன குறைந்துவிட்டது? 1999ல் அமெரிக்கர்கள் விண்ணில் ஏவிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்குச் சந்திரா என்று அவர் பெயரின் பாதியைத்தான் சூட்டினார்கள்.

செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் கதை இன்னும் வேடிக்கை. வெளிநாட்டார் அவரைச் செல்லமாக "விஷி" என்கிறார்கள். விஸ்வநாதன் என்பது அவர் தந்தையார், தென்னக ரயில்வேயில் ஜெனரல் மானேஜராக இருந்தவர். மகன் காய் நகர்த்த, ஊரெல்லாம் தகப்பனாரைக் கொஞ்சியது!

நமக்கு ஏன் கடைசிப் பெயர் இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும். இருந்ததை விட்டவர்கள் நாம். 1929ல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் ஜாதிப் பட்டத்தைத் துறப்பதென்று முடிவாயிற்று. அதன் பிறகு தமிழர் பெயருக்குப் பின்னால் இருந்த வால் போய், முன்னால் தந்தை பெயரின் ஓர் எழுத்து மட்டும் நின்றது. பீகாரில் 1974ன் ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்து இளைஞர்கள் பலர் ஜாதிப் பெயரை உதறிவிட்டு அந்த இடத்தில் வைத்துக்கொண்டதும் இதே குமார்தான். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஊர்க்கட்டுப்பாட்டை உதறிவிட்டு இந்தச் சுரங்கத்துக்கு வந்த மக்களின் பேரனிடம் "உன் சர்நேம் என்ன?" என்று கேட்பது, சுற்றி வளைத்து "நீ எந்த ஜாதி?" என்று கேட்பதில்தான் பல சமயம் போய் முடிகிறது. ஓர் எழுத்து இனிஷியல் அந்தக் கேள்விக்குக் கதவை அடைத்து வைத்திருந்தது.

இதில் தமிழர், கன்னடர் என்ற பேதமும் இல்லை. பி.எஸ். எடியூரப்பாவின் பெயரில் பி என்பது பூகனகெரே என்ற ஊர், எஸ் என்பது தந்தை சித்தலிங்கப்பா. நம் வழக்கம்தான் அவர்கள் வழக்கமும்.

ஆனாலும் காகிதத்தோடு வீம்பு செய்ய முடியாது. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்கிறார்கள். முதல் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ. என்று அச்சாகிறது, முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு எமிரேட்ஸ், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோருக்கு இடமில்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் வேறு பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. எஸ். குமாருக்கு இதில் வழி இருக்கிறது. முதல் கட்டத்தில் குமார், கடைசிக் கட்டத்தில் தந்தை செல்வம், நடுக்கட்டம் காலி. துபாயில் அவனை மிஸ்டர் செல்வம் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அப்பா பெயர்தானே! சொந்தப் பெயரை மட்டும் இரண்டாக வெட்டவேண்டாம். கல்யாணமானதும் இனிஷியலை மாற்றிக்கொள்ளும் பெண்கள் இன்னும் ஒரு முறை யோசிக்க வேண்டும். படித்த சான்றிதழ் ஓர் எழுத்திலும் ஆதார் வேறு எழுத்திலும் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் வேர் பிறப்புச் சான்றிதழ். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த தேதி, இடம் இரண்டுக்கும் அந்த ஒரே காகிதம்தான் ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பள்ளிக்கூடமும் பாஸ்போர்ட்டும் அதைப் பார்த்துத்தான் எழுதும். குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பிறப்பைப் பதிந்தவர்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு பதினைந்து வருடம் வரை கட்டணம் கட்டியும் பெயரைச் சேர்க்கலாம். போகும்போது தந்தை பெயரை எந்த இடத்தில், எந்த ஆங்கில எழுத்துகளில் எழுதுவது என்பதை வீட்டிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போவது நல்லது.